கண்ணாடி அலமாரியில் நாற்பத்தொரு கட்டுரைகள்

கமலக்கண்ணன் வீட்டுக்குப் பூட்டு கிடையாது. புதுச்சேரிப் பக்கம் கரிக்கலாம்பாக்கம் தாண்டி வயல் ஓரமாக இருக்கிற அந்த வீட்டின் கதவு பகலில் சாத்தப்படுவதே இல்லை. பக்கத்து வீட்டுக் கோழிகள், மின்சார ரீடிங் எடுக்க வருகிறவர், ஓட்டு கேட்டு வருகிறவர்கள் என்று யார் வேண்டுமானாலும் தோட்டம் வரை போய்த் திரும்பலாம். அதே கமலக்கண்ணன் ஸ்கூட்டரில் லாஸ்பேட்டைக்கு வந்து, கரையோர ஆய்வு மையத்தின் நூலகத்துக்குள் கால் வைத்ததும் வேறு ஆளாகிவிடுவார். இடுப்பில் பதினேழு சாவிகள். எந்த அலமாரிக்கு எந்தச் சாவி என்பது அவரைத் தவிர யாருக்கும் தெரியாது. அவர் லீவு போட்டால் நூலகமும் லீவு.

“வீட்ல இருக்கற தங்கத்துக்குக் காவல் இல்ல, ஆபீஸ்ல இருக்கற காகிதத்துக்கு இம்மாம் பெரிய கொத்து” என்று அவர் மனைவி செல்வாம்பாள் சொல்வதுண்டு. வீட்டிலிருந்த தங்கம் அவள் கழுத்தில் இருந்ததுதான் என்பதால் அவர் அதைப் பொருட்படுத்தவில்லை.

இருபத்து மூன்று வயதில் நூலக உதவியாளராக வந்தார். முதல் பத்தொன்பது வருஷம் வாசலில் உட்கார்ந்து, வெளியே போகிறவர்களின் பையைச் சோதிக்கிற வேலை. ஒருமுறை அப்போதைய இயக்குநரின் தோள்பையையே நிறுத்தித் திறந்து பார்த்து, உள்ளே இருந்த புத்தகத்தை எடுத்து மேஜையில் வைத்தார். அது இயக்குநர் தாமே எழுதிய புத்தகம். தாமே காசு கொடுத்து வாங்கியதும்கூட. இயக்குநர் எல்லோர் முன்னாலும் கமலக்கண்ணனின் கடமையுணர்ச்சியைப் பாராட்டினார். அதன்பின் நூலகத்துக்கு வருவதை நிறுத்திக்கொண்டார்.

நூல்களைப் பற்றி அவருக்கென்று ஒரு கோட்பாடு இருந்தது. சாதாரணப் புத்தகம் வெளியே போகும், வரும். நல்ல புத்தகம் உள்ளேயே உட்கார்ந்து படிக்கத்தக்கது. மிக நல்ல புத்தகம் கண்ணாடி அலமாரிக்குள் இருக்கும். அதைப் பார்க்க வேண்டுமானால் கடிதம் எழுதி, துறைத் தலைவரிடம் கையெழுத்து வாங்கி, வட்ட முத்திரை குத்திக்கொண்டு வர வேண்டும். இதில் கஞ்சத்தனம் எதுவும் கிடையாது. மரியாதைதான். எந்தச் சாமிக்குத் திரை போட்டிருக்கிறதோ அந்தச் சாமிக்குத்தானே கூட்டம் அதிகம்?

இப்படிப்பட்டவரைத்தான் ‘எல்லோருக்கும் திறந்துவிடும்’ வேலைக்குப் போட்டார்கள்.

மையத்தின் ஆய்வுகளுக்குப் பணம் தருவது டில்லியில் இருக்கிற ஓர் அறக்கட்டளை. அது சில வருஷங்களுக்கு முன் ஒரு விதி கொண்டுவந்தது. எங்கள் பணத்தில் நடந்த ஆய்வைப் பற்றி நீங்கள் எழுதுகிற கட்டுரை எந்தப் பத்திரிகையில் வேண்டுமானாலும் வரட்டும். வெளிவந்த ஆறு மாதத்துக்குள் அதன் படி ஒன்றை உங்கள் நிறுவனத்தின் இணையப் பெட்டகத்தில் வைத்துவிட வேண்டும். உலகத்தில் யாரும் காசு தராமல், அனுமதி கேட்காமல் படிக்கிற மாதிரி இருக்க வேண்டும். வைக்காவிட்டால் அடுத்த வருஷத் தவணை வராது. வெளிநாட்டுப் பத்திரிகைகளில் ஒரு கட்டுரையைத் திறந்து பார்க்கவே மூவாயிரம் ரூபாய் கேட்கிறார்கள் என்பதால், விதி நியாயமானதுதான் என்று விஞ்ஞானிகள் எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். அதைச் செய்கிற வேலை யாருடையது என்பதில் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. இயக்குநர் நிர்மலாதேவி ஒரு கூட்டம் போட்டார். வேலை இருக்கிறவர்கள் எனக்கு வேலை இருக்கிறது என்றார்கள். இல்லாதவர்கள் அதையே இன்னும் சத்தமாகச் சொன்னார்கள். கூட்டத்துக்குத் தண்ணீர் பாட்டில் கொண்டுவந்த கமலக்கண்ணன் பெட்டகத்தின் பொறுப்பாளராக வெளியே போனார்.

அவர் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. இரண்டு நாள் பயிற்சிக்குப் போய் எண்பது பக்க நோட்டில் அறுபது பக்கம் எழுதினார். அறக்கட்டளையின் விதியை முழுக்கப் படித்தார். மையத்தில் அதை முழுக்கப் படித்த ஒரே ஆள் அவர்தான். படித்துவிட்டு மனப்பூர்வமாக ஏற்றுக்கொண்டார். ‘ஊர்ப் பணத்துல பண்ணது ஊருக்குத்தானே போகணும்’ என்று டீக்கடையில் முன்பின் தெரியாதவர்களிடம்கூட வாதாடினார். இரண்டு வருஷத்தில் விஞ்ஞானிகளை விரட்டி விரட்டி நாற்பத்தொரு கட்டுரைகளைப் பெட்டகத்தில் ஏற்றினார்.

ஒவ்வொரு கட்டுரையை ஏற்றும்போதும் கடைசியில் கம்ப்யூட்டர் ஒரு கேள்வி கேட்கும்: இதை யார் பார்க்கலாம்? பதில் இரண்டு. எல்லோரும். அல்லது, அனுமதி பெற்றவர்கள். கமலக்கண்ணன் நாற்பத்தொரு தடவையும் இரண்டாவதைத்தான் அழுத்தினார். அறிஞர்கள் வருஷக்கணக்காக உழைத்து எழுதியதை ‘எல்லோரும்’ என்று கடைத்தெருவில் வைப்பதா? கண்ணாடி அலமாரிதான் அதற்குத் தகுதி. பார்க்க விரும்புகிறவர் முறைப்படி கேட்கட்டும், முறைப்படி கொடுத்துவிடலாம். எல்லோரும் கேட்கலாம் என்றால் எல்லோருக்கும் திறந்திருக்கிறது என்றுதானே பொருள்?

மையத்தில் யாருக்கும் இது தெரியவரவில்லை. மையத்துக்குள் இருக்கிற கம்ப்யூட்டர்களில் பெட்டகம் தானாகவே திறந்துகொள்ளும். வெளியூரிலிருந்து ஒருவர் ஒரு கட்டுரையைத் தொட்டால் மட்டும் கமலக்கண்ணனுக்கு ஒரு மின்னஞ்சல் வரும். உடனே அவர் பதிலுக்கு ஒரு படிவம் அனுப்புவார். பெயர், பதவி, நோக்கம், அடையாள அட்டை நகல், நிறுவனத் தலைவரின் அறிமுகக் கடிதம், வட்ட முத்திரையுடன். இப்படி அறுபத்து மூன்று பேர் கேட்டார்கள். ஒன்பது பேர் தேறினார்கள்.

இந்த மார்ச் மாதம் பன்னிரண்டாம் தேதி அறக்கட்டளையிலிருந்து இயக்குநருக்கு ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் சரிதா என்ற அதிகாரி. மூன்றாம் வருஷத் தவணைக்கு முன் கட்டுரைகளைச் சரிபார்ப்பது அவர் வேலை. கடிதம் மிகவும் பண்பாக இருந்ததால் மிகவும் பயமாக இருந்தது. தங்கள் பெட்டகத்தில் உள்ள நாற்பத்தொரு கட்டுரைகளில் எதையும் எங்களால் திறக்க முடியவில்லை. எங்கள் பணத்தில் எழுதப்பட்ட ஒரு கட்டுரையைப் படிக்க நானே விண்ணப்பித்தேன். என் கடிதத்தில் முத்திரை நீள்சதுரமாக இருப்பதாகவும் வட்டமாக இருக்க வேண்டுமென்றும் கூறி விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. நகல் இணைக்கப்பட்டுள்ளது. இருபத்தேழாம் தேதிக்குள் நாற்பத்தொன்றும் திறந்திருக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் கரை அளக்கும் திட்டத்தின் மூன்றாம் வருஷத்துக்கு அனுமதி இல்லை.

நிர்மலாதேவி கமலக்கண்ணனைக் கூப்பிட்டு நகலைக் காட்டினார். அவர் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்துவிட்டு, முத்திரை நீள்சதுரமாகத்தான் இருக்கிறது என்று ஒத்துக்கொண்டார்.

அனுமதி இல்லை என்றால் யாருக்கு என்ன ஆகும் என்பது அன்று மதியமே தெரிந்துவிட்டது. விஞ்ஞானிகளுக்கு எதுவும் ஆகாது. அவர்கள் நிரந்தர ஊழியர்கள். போவது துர்காவின் வேலை. இருபத்தெட்டு வயது, திட்ட உதவியாளர், ஒப்பந்தம் மார்ச் முப்பத்தொன்று வரை. பதினைந்து நாளைக்கு ஒருமுறை, அலை உள்வாங்கியிருக்கிற நேரம் பார்த்து, பிள்ளைச்சாவடிக் கரையில் அளவுகோலை ஊன்றிக் கடல் எவ்வளவு உள்ளே வந்திருக்கிறது என்று குறிப்பது அவள் வேலை. அப்பா பஞ்சாலையில் இருந்தவர். ஆலை மூடியபின் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் காவலாளி. வீடு இவள் சம்பளத்தில்தான் ஓடுகிறது. விஷயம் காதில் விழுந்ததும் அவள் நேரு வீதியில் ஒரு செல்போன் கடையில் சொல்லிவைத்துவிட்டாள். ஏப்ரல் ஒன்றாம் தேதி வரச் சொல்லியிருந்தார்கள். நின்றுகொண்டே பார்க்கிற வேலை, சம்பளம் பாதி.

அவள் நூலகத்துக்கு வந்து அவர் மேஜைக்கு எதிரே நின்றாள்.

“ஏன் சார், நானும் ஒரு லெட்டர் எழுதித் தரட்டுமா? வட்டமா சீல் போட்டு?”

கமலக்கண்ணன் நாற்காலியைக் கம்ப்யூட்டர் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார்.

திறப்பது பெரிய வேலையாக இல்லை. பூட்ட ஆன நேரத்தில் பாதிகூட ஆகவில்லை. மறுநாள் மத்தியானத்துக்குள் நாற்பது கட்டுரைகளை ‘எல்லோரும்’ என்று மாற்றிவிட்டார். ஒவ்வொன்றையும் அழுத்தும்போது ஆணி மேல் உட்காரப் போகிறவரைப் போலிருந்தது முகம் என்று துர்கா பிற்பாடு சொன்னாள்.

நாற்பத்தொன்றாவதில் சிக்கல். பத்திரிகைகள் அழகாகக் கட்டம் கட்டி, தங்கள் சின்னம் போட்டு வெளியிடுகிற பக்கங்கள் பத்திரிகைகளுக்குச் சொந்தம். அவற்றைத் திறந்து வைத்தால் வழக்கு வரும். அச்சுக்குப் போவதற்கு முன், திருத்தமெல்லாம் முடிந்து ஆசிரியர் கையில் இருந்த கடைசிப் படி, அழகில்லாதது, அதைத் திறந்து வைக்கலாம். நாற்பது பேரிடம் அந்த அழகில்லாத படியைத்தான் கமலக்கண்ணன் வாங்கியிருந்தார். பேராசிரியர் கிருஷ்ணசாமியிடம் மட்டும் கேட்கக் கூச்சப்பட்டு, அவர் கொடுத்த அச்சுப் பக்கங்களையே ஏற்றியிருந்தார். எட்டு வருஷம் பிள்ளைச்சாவடிக் கரையை அளந்து அவர் எழுதிய கட்டுரை அது. அந்த அளவைத்தான் இப்போது துர்கா தொடர்ந்துகொண்டிருந்தாள். திட்டத்தின் தலைவாசலே அந்தக் கட்டுரை.

கிருஷ்ணசாமி ஓய்வுபெற்று இரண்டு வருஷம் ஆகிறது. வைசியாள் வீதியில் வீடு. பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் படித்தவர். நன்றியை மட்டும் எப்போதும் ‘மெர்சி’ என்றுதான் சொல்வார். அறிவைப் பூட்டி வைப்பது பாவம் என்று அவர் பேசாத மேடை புதுச்சேரியில் இல்லை. ஆகவே கமலக்கண்ணன் ஐந்து நிமிஷ வேலை என்று நினைத்துப் போனார். மூன்று மணி நேரம் உட்கார வேண்டியதாயிற்று.

பேராசிரியர் காபி கொடுத்தார். தம் கம்ப்யூட்டரைத் திறந்து கடிதங்களைக் காட்டினார். அந்தக் கட்டுரை காசு கேட்கிற பத்திரிகையில் வந்ததால், படிக்க விரும்புகிறவர்கள் அவருக்கே எழுதிக் கேட்கிறார்கள். வியட்நாமிலிருந்து ஒரு மாணவி, மொசாம்பிக்கிலிருந்து ஓர் ஆசிரியர், ஒடிசாவிலிருந்து ஒரு பொறியாளர். மாதம் நான்கைந்து. ஒவ்வொருவருக்கும் கட்டுரையோடு ஒரு பக்கக் கடிதமும் எழுதுகிறார்: உங்கள் கரை எப்படி, மணல் எந்த நிறம், மழை எந்த மாதம். அவர்கள் பதில் எழுதுகிறார்கள். அந்தக் கடிதங்களுக்கென்று கம்ப்யூட்டரில் தனிக் கோப்புறை. மனைவி இறந்து, மகன் பிரான்சில் லியோன் நகரத்துக்குப் போய்விட்ட வீட்டில் காலை பத்து மணிக்கு அந்த உறையைத் திறப்பதுதான் அவருடைய அலுவலகம்.

“நான் யாருக்கும் இல்லன்னு சொன்னதில்லை, கமலக்கண்ணன். கேட்டவங்க எல்லாருக்கும் குடுத்திருக்கேன். உங்கள மாதிரி சீல் கேட்டதுமில்லை. இதுக்கு மேல என்ன திறக்கறது?”

அது கமலக்கண்ணனுடைய வாதமேதான். கடைசிப் படி எங்கே இருக்கிறதோ, தேடிப் பார்க்கிறேன் என்றார் பேராசிரியர். ஓய்வுபெற்ற ஒருவர் தேடிப் பார்க்கிறேன் என்றால் அதற்குக் கெடு கிடையாது. பதினாறு, பதினெட்டு, இருபத்தொன்று என்று தேதி போனது. இயக்குநர் தொலைபேசியில் கேட்டார். அவரிடமும் பேராசிரியர் அதே பதிலை, இன்னும் கொஞ்சம் அன்பாகச் சொன்னார்.

இதற்கு நடுவில் கமலக்கண்ணன் யாரும் சொல்லாத ஒரு வேலையைத் தானாகத் தொடங்கியிருந்தார். நிராகரித்த ஐம்பத்து நான்கு பேருக்கும் ஒருவர் விடாமல் மன்னிப்புக் கடிதம். தாங்கள் கேட்ட கட்டுரை இப்போது திறந்திருக்கிறது, தயவுசெய்து படிக்கவும். முறைப்படி பூட்டியவர் முறைப்படி மன்னிப்புக் கேட்டார். இருபத்து மூன்றாம் தேதி சனிக்கிழமை, துர்கா பக்கத்தில் உட்கார்ந்து முகவரி படிக்க, இவர் தட்டிக்கொண்டிருந்தார். ஒரு விண்ணப்பத்தில் அவள் நிறுத்தினாள்.

பெயர், அஞ்சலாட்சி. பதவி, செயலாளர், மீனவ மகளிர் குழு, பிள்ளைச்சாவடி. கேட்ட கட்டுரை, பேராசிரியருடையது. நோக்கம் என்ற இடத்தில், ‘கடல் அரிக்காமல் இருக்க எங்கள் தெருவுக்குக் கல் கொட்டக் கேட்டு மனு கொடுக்க’. நிறுவனத் தலைவரின் அறிமுகக் கடிதம் என்ற இடத்தில் ஒரு கோடு போட்ட தாளின் புகைப்படம்: ‘எங்கள் குழுவுக்குத் தலைவி கிடையாது. செயலாளர் நான்தான். இதில் கண்ட அஞ்சலாட்சியை எனக்கு நன்றாகத் தெரியும். இப்படிக்கு, அஞ்சலாட்சி.’ கீழே கமலக்கண்ணனின் பதில்: தமக்குத் தாமே அறிமுகக் கடிதம் தருவதை ஏற்க இயலாது. முத்திரையும் இல்லை.

துர்கா சிரிப்பாள் என்று அவர் எதிர்பார்த்தார். அவள் சிரிக்கவில்லை.

“நான் கரைல ஊன்றற கோல வருஷம் பூரா அவங்க வீட்டு மாட்டுக்கொட்டாய்லதான் வைக்கறேன் சார். அதுக்கு இதுவரைக்கும் ஒரு சீல் கேட்டதில்லை.”

அஞ்சலாட்சிக்கு மன்னிப்புக் கடிதம் அனுப்ப முடியாது. அவள் கேட்டது திறக்காத ஒன்று. அப்படியானால் நேரில் போய்ச் சொல்வதுதான் முறை என்றார் கமலக்கண்ணன். இந்த மனிதரை முழுக்க வெறுக்க முடியாமல் போவது இப்படிப்பட்ட இடங்களில்தான்.

திங்கட்கிழமை காலை இருவரும் பெரிய மார்க்கெட்டுக்குப் போனார்கள். மீன் பகுதியில், ஐஸ் தண்ணீர் ஓடுகிற சிமெண்டு மேடையில், நாற்பத்தைந்து வயது அஞ்சலாட்சி சங்கரா மீன்களை வரிசையாக அடுக்கி உட்கார்ந்திருந்தாள். துர்கா அறிமுகம் செய்துவைத்தாள். கமலக்கண்ணன் கைகூப்பி, நான்தான் உங்கள் விண்ணப்பத்தை நிராகரித்தவன் என்றார். பக்கத்துக் கடைக்காரிகள் மூன்று பேர் மீன் அறுப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள்.

“இன்னா சீல் ஓணும் சார் உனக்கு?” என்றாள் அஞ்சலாட்சி. “செதில் இருக்குது, வட்டமாத்தான் இருக்குது. தொட்டு நெத்தியில ஒட்டட்டுமா?”

அவர் அதையும் வாங்கிக்கொண்டார். பிறகு நடந்ததைச் சொன்னார்: திறந்து வைக்கக்கூடிய படி அவரிடம் இல்லை, பேராசிரியரிடம் இருக்கிறது, பேராசிரியர் தேடிக்கொண்டிருக்கிறார், இருபத்தேழாம் தேதிக்குள் கிடைக்காவிட்டால் துர்காவுக்கு வேலை இல்லை. கடைசி விஷயம் அஞ்சலாட்சிக்குத் தெரியாது. அவள் துர்காவைப் பார்த்தாள். துர்கா தரையைப் பார்த்தாள். ‘ஏன்டி, கோலு கொட்டாய்லயே கெடக்குமா அப்ப?’ என்று அஞ்சலாட்சி கேட்டாள். துர்கா தலையாட்டினாள். அஞ்சலாட்சி மீதி மீன்களைப் பக்கத்துக் கடைக்காரியின் மேடைக்குத் தள்ளிவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு எழுந்தாள். வைசியாள் வீதி அங்கிருந்து நடக்கிற தூரம்தான்.

பேராசிரியருக்கு அவளைப் பார்த்ததில் நிஜமான சந்தோஷம். எட்டு வருஷம் அவள் வீட்டில் டீ குடித்தவர். உட்காரச் சொன்னார், மீன் வாசம் என்று அவள் தயங்கியபோது, நல்ல நாற்காலியையே இழுத்துப் போட்டார். பிள்ளைகளைப் பற்றியும் படகைப் பற்றியும் கேட்டார். இதுவரை எல்லாமே அழகாக நடந்தது. பிறகு அஞ்சலாட்சி வந்த விஷயத்தைச் சொன்னாள்.

“நீ கேட்டிருந்தா அன்னைக்கே குடுத்திருப்பனே, அஞ்சலாட்சி” என்றார் பேராசிரியர். “இப்பவே தரேன். உனக்குன்னு ஒரு பிரதி எடுத்து, அடையாளமெல்லாம் போட்டு.”

“எனக்குன்னு ஓணாம் சார். யாரைக் கேக்கணும்னு எனக்கு எப்பிடித் தெரியும்? இவரைக் கேட்டேன், இவரு சீல் கேட்டாரு. பக்கத்து ஊர்க்காரி யாரைக் கேப்பா? எங்க கரையை எட்டு வருஷம் அளந்தீங்க. நீங்க யாரு, எந்த ஊரு, எதுக்கு அளக்கறீங்கன்னு நாங்க ஒரு நாள் கேட்டமா?”

கேட்கவில்லை என்பது உண்மை. கேட்டிருந்தால் ஆய்வே நடந்திருக்காது என்பதும் உண்மை. பேராசிரியர் ஜன்னல் பக்கம் பார்த்தார். தம் பக்கம் பேச யாராவது இருக்கிறார்களா என்று கமலக்கண்ணனைப் பார்த்தார்.

கமலக்கண்ணன் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“எனக்கும் உங்க மாதிரிதான் சார் இருந்துச்சு. ஒரு மெயில் வந்தா, எங்கியோ இருக்கற ஒருத்தன் என்னைத் தேடறான்னு இருக்கும். அறுபத்து மூணு வந்துச்சு. ஒண்ணுகூட மறக்கலை. ஆனா போன வாரம் எல்லாத்தயும் திரும்பப் படிச்சேன். அவங்க யாரும் என்னைத் தேடலை சார். அவங்களுக்குப் படிக்கறதுக்கு ஒண்ணு ஓணும், அவ்ளோதான். நான் நடுவுல நின்னுக்கிட்டிருந்தேன்.”

பேராசிரியர் இதற்கு ஒரு பதில் வைத்திருந்தார் என்று நினைக்கிறேன். மேடையில் பேசிப் பழகியவர்களுக்கு எதற்கும் ஒரு பதில் இருக்கும். ஆனால் எதிரே மேடை இல்லை, நல்ல நாற்காலியின் விளிம்பில் பாதி உட்கார்ந்த அஞ்சலாட்சிதான் இருந்தாள். அவர் எழுந்து கம்ப்யூட்டரைப் போட்டார். பத்து நாளாகத் தேடப்பட்ட கடைசிப் படி கம்ப்யூட்டரின் முதல் திரையிலேயே இருந்தது. அதைப் பற்றி ஒருவரும் எதுவும் சொல்லாமலிருந்தது அன்று அந்த அறையில் நடந்தவற்றில் மிக நாகரிகமான காரியம்.

அன்று மாலை நான்கு மணிக்குக் கமலக்கண்ணன் அதைப் பெட்டகத்தில் ஏற்றி, எல்லோரும் என்று அழுத்தினார். இயக்குநர் டில்லிக்கு எழுதினார். இருபத்தாறாம் தேதி சரிதாவிடமிருந்து பதில்: நாற்பத்தொன்றும் திறக்கின்றன. நன்றி. மூன்றாம் வருஷத்துக்கு அனுமதி. இருபத்தொன்பதாம் தேதி துர்காவின் ஒப்பந்தம் பன்னிரண்டு மாதத்துக்கு நீட்டிக்கப்பட்டது. அவள் செல்போன் கடைக்குப் போன் செய்து வரவில்லை என்றாள். அவர்கள் கோபித்துக்கொள்ளவில்லை, வேறு நான்கு பேர் வரிசையில் இருந்தார்கள்.

கட்டுரை திறந்தபின் பேராசிரியருக்குக் கடிதம் வருவது நின்றுபோனது. ஒரு வாரம் பத்து மணிக்கு உறையைத் திறந்து பார்த்தார், ஒன்றும் இல்லை. அவர் பயந்தது அப்படியே நடந்தது என்பதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். நல்ல காரியம் செய்கிறவர்களுக்கு அதன் பலன் உடனே தெரியும் என்று யாரும் அவருக்கு வாக்குக் கொடுத்திருக்கவில்லை.

எட்டாம் நாள் ஒரு தொலைபேசி வந்தது. அஞ்சலாட்சி. அவளுடைய மகள் கல்லூரியில் படிக்கிறவள். கட்டுரையைச் செல்போனில் திறந்து, ஒவ்வொரு பத்தியாகத் தமிழில் சொல்லியிருக்கிறாள். எழுத்து மகளுக்கு, படம் அம்மாவுக்கு என்று பிரித்துக்கொண்டார்கள். கடல் உள்ளே வந்த கோட்டை வருஷவாரியாகப் போட்ட படத்தை அஞ்சலாட்சி நன்றாகவே படித்தாள். அந்தக் கோட்டின் ஓரத்தில்தான் அவள் வீடு இருக்கிறது. ஐந்தாவது வருஷத்தில் ஓர் இடத்தில் மட்டும் கோடு எதிர்ப்பக்கம் போயிருந்தது. கடல் மூன்று மீட்டர் பின்வாங்கியதாகக் காட்டியது. அதற்குப் பேராசிரியர் முக்கால் பக்கத்துக்கு விளக்கம் எழுதியிருந்தார்: வடக்கிலிருந்து வந்த நீரோட்டம், அந்த வருஷத்துக் காற்று, மணல் படிந்த விதம்.

“சார், அந்த வருஷம் நம்ம பசங்க கபடிப் போட்டி வச்சாங்க” என்றாள் அஞ்சலாட்சி. “தரை சரியில்லன்னு எட்டு டிராக்டர் மண்ணு அடிச்சோம். நீங்க அதைத்தான் அளந்திருக்கீங்க.”

பேராசிரியர் தொலைபேசியைக் காதில் வைத்தபடியே உட்கார்ந்துவிட்டார். அந்த முக்கால் பக்கத்தை மூன்று நாட்டு நிபுணர்கள் சரிபார்த்து ஒப்புதல் தந்திருந்தார்கள். வியட்நாம் மாணவி அதைத் தன் ஆய்வேட்டில் மேற்கோள் காட்டியிருந்தாள். இரண்டு வருஷமாகக் கேட்டு வாங்கிப் படித்தவர்களில் ஒருவர்கூட எட்டு டிராக்டர்களைக் கவனிக்கவில்லை. கவனிக்க அவர்கள் யாரும் பிள்ளைச்சாவடியில் இல்லை.

‘மெர்சி, அஞ்சலாட்சி’ என்றார் பேராசிரியர். பிறகு, மண் எங்கிருந்து எங்கே வரை கொட்டினார்கள் என்று கேட்டார். குரலில் பத்து வயது குறைந்திருந்தது என்று அவள் துர்காவிடம் சொன்னாள். போனை வைத்தபின் அவர் பத்திரிகைக்கு ஒரு திருத்தம் எழுத உட்கார்ந்தார். வியட்நாமுக்கும் ஒரு கடிதம் எழுத வேண்டியிருந்தது. அதற்கு ஒரு பக்கம் போதவில்லை.

ஏப்ரல் பதினைந்தாம் தேதி விடியற்காலை, அலை நன்றாக உள்வாங்கியிருந்த நேரத்தில், துர்கா மூன்றாம் வருஷத்தின் முதல் அளவை எடுக்கப் பிள்ளைச்சாவடிக்குப் போனாள். அஞ்சலாட்சி கொட்டகையிலிருந்து கோலைத் தானே தூக்கிக்கொண்டு கூட வந்தாள். டிராக்டர் மண் ஒருபக்கம் எங்கே நின்றது, மறுபக்கம் எங்கே நின்றது என்று அவள் நடந்து காட்ட, துர்கா இரண்டு இடத்திலும் முளை அடித்தாள். இரண்டு முளைகளுக்கும் நடுவே இப்போது கடல்தான் இருந்தது. துர்கா முழங்கால் தண்ணீரில் இறங்கி, கோலை ஊன்றிப் பிடித்துக்கொண்டு, அளவைச் சத்தமாகச் சொன்னாள். கரையில் நின்ற அஞ்சலாட்சி அதைத் தன் செல்போனில் ஏற்றிக்கொண்டாள். மனு எழுதும்போது கையில் இருக்கட்டும் என்றாள்.